ஒன்பதை அழுத்தினால் மறுபடி கேட்கலாம்

...அதெப்படி, கேட்டுவிட்டும் அனுப்புவாள் ஒரு மனுஷி, அதுவும் ஒவ்வொரு முறையும் ஒன்பதை அழுத்தி, வங்கியின் போன் சேவையில் பணம் அனுப்பும் முன் ஒலிக்கும் அந்த எச்சரிக்கையைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு அப்புறம்தான் அம்மா பணம் அனுப்பியிருக்கிறாள் என்று வங்கி அதிகாரி கணினியைத் திருப்பிக் காட்டுகிறார், “அம்மாவுக்குக் காது நல்லா கேக்கும்ல மேடம்?” என்கிறார், கேட்கும் ஐயா, பக்கத்து வீட்டுச் சண்டை ஒரு வார்த்தை விடாமல் கேட்கும்... அப்பா போனபின் வந்த பணம், கண் ஆபரேஷனுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தது, உங்கள் கணக்குக்கு ஆபத்து, பத்திரமான கணக்குக்கு மாற்றுங்கள் என்று எவனோ போனில் சொல்ல, கொஞ்சம் கொஞ்சமாக மொத்தத்தையும் கொட்டிக் கொடுத்திருக்கிறாள், பாவி, அவன் கை விளங்குமா... அந்த எச்சரிக்கையைப் பேசியதே மகளான இவள்தான், குரல் கொடுப்பதுதானே இவள் தொழில், ‘யாரோ சொன்னார்கள் என்று பணம் அனுப்பாதீர்கள், வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்’, கண்ணாடி அறைக்கு வெளியிலிருந்து ஒலிப்பதிவாளர், இன்னும் கொஞ்சம் அன்பா, உங்க அம்மாகிட்ட சொல்ற மாதிரி என்றார், சொன்னாள், அன்றைக்கு அம்மா கூப்பிட்டபோது மட்டும், வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்...

“ஏம்மா, அது என் குரல்னு தெரியலையா?”

“தெரியாம என்னடி? அதுக்குத்தானே ஒன்பதை அழுத்தினேன். எவ்ளோ பொறுமையா பேசுற நீ.”

அடிப்பாவி அம்மா... என்ன சொன்னேன் என்று கேட்கவே இல்லையா நீ, குரலை மட்டுமா கேட்டாய், எரிச்சலாக வருகிறது, அழுகை வருகிறது, இந்த மனுஷர் முன்னால் அழக்கூடாது, அவர் பாட்டுக்குத் தட்டச்சு செய்துகொண்டே, யாருன்னே தெரியாதவன நம்பிட்டீங்களேம்மா என்கிறார், அம்மா நிமிர்ந்து, “தினமும் பேசுறவன எப்படி சார் தெரியாதவன்னு சொல்றது? சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு கேட்டுட்டுத்தான் மத்ததே பேசுவான்” என்கிறாள், அவனுக்குப் பரிந்து பேசுகிறாளே, அந்த நேரம் பார்த்து அம்மாவின் மடியில் போன் அதிர்கிறது, அவன் எண்தான், அதிகாரி எடுக்காதீங்க என்று கை காட்டுகிறார், அம்மாவின் விரல் திரைமேல் போய் நிற்கிறது, இவளைப் பார்க்கிறாள்.

“எடுக்கலைன்னா கவலைப்படுவான்டி.”

பிடுங்கிவிடலாம், ஒரு நொடி வேலை, எண்ணையே மாற்றிவிடலாம், நானே தினமும் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிடலாம்... சொன்னால் நம்புவாளா, போன் அதிர்ந்துகொண்டே இருக்கிறது, இவள் கையை நீட்டுகிறாள், அம்மா போனை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள்.