பத்து வரை எண்ணத் தெரிந்த சாஃப்ட்வேர்

முட்டி டாக்டருக்குத் தொண்டை போனது எண்ணி எண்ணித்தான்.

அவர் பிசியோதெரபிஸ்ட். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டே வந்ததால் தெருவில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கிளினிக் முதல் மாடியில். லிஃப்ட் கிடையாது. "முட்டி வலின்னு வர்றவங்களை மாடி ஏற வைக்கிறீங்களே, இது நியாயமா?" என்று யாராவது மூச்சிரைக்கக் கேட்டால், "ஏறி வந்துட்டீங்கல்ல, பாதி குணமாயிடுச்சு" என்பார். மாடிக்கு வாடகை குறைவு என்பதுதான் உண்மையான காரணம்.

உள்ளே வரிசையாக நாலு கட்டில். நாலு பேர் மல்லாந்து படுத்து, ஒரு காலை நீட்டியபடி தூக்கி, பத்து எண்ணும்வரை அந்தரத்தில் நிறுத்தி, இறக்கி, மறுபடி பத்து எண்ணும்வரை ஓய்வெடுக்க வேண்டும். ஒரு காலுக்குப் பதினைந்து தடவை. எண்ணுவது டாக்டர். நாளுக்கு நாலு கும்பல் வரும் என்பதால் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டிவிடும். வீட்டில் யாராவது டம்ளரில் தண்ணீர் ஊற்றினால்கூட அவர் வாய் தானாக "ஏழு, எட்டு" என்று முணுமுணுக்கும் அளவுக்கு விஷயம் முற்றிப்போயிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை "மூணு" என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஒரு வாரத்துக்கு மூச்சுவிட மட்டும் வாயைத் திறக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் முட்டி டாக்டர் பலகையில் பெரிதாக எழுதி வைத்தார்: 'நீங்களே எண்ணிக்கொள்ளவும்.'

அதோடு கிளினிக்கின் ஒழுங்கு குலைந்தது. முதல் கட்டிலில் இருந்தவர் ஓய்வு பெற்ற ஃபுட்பால் ரெஃப்ரி. விசில் இன்னும் சட்டைப் பையில்தான். அவர் எண்ணுகிற விதமே தனி.

"ஏழு... எட்டு... இருங்க, நடுவுல ஒருத்தர் இருமுனாரு, அந்த நேரத்தைச் சேர்க்கணும். எட்டு..."

இரண்டாவது கட்டிலில் பேங்க் அம்மா. முப்பத்தோரு வருஷம் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவர். கட்டு நோட்டை எண்ணுகிற வேகத்தில் "ஒண்ரெண்மூநாலஞ்" என்று ஒரே மூச்சில் பத்தைத் தொட்டுவிட்டு, "ஆச்சு, அடுத்தது" என்பார். மற்ற இரண்டு பேருக்கும் யாரைப் பின்பற்றுவது என்று தெரியவில்லை. நாலு பேரில் ஒருவர் கால் மேலே, இன்னொருவர் கால் கீழே, மூன்றாமவர் காலைப் பாதியில் நிறுத்திக்கொண்டு திருதிருவென்று முழித்தார்.

பழைய பாட்டு போட்டுப் பார்த்தார் டாக்டர். எல்லோரும் காலை மறந்துவிட்டுப் பாட ஆரம்பித்தார்கள். ரெஃப்ரி ஒரு சோகப் பாட்டுக்கு அழுதே விட்டார்.

அப்போதுதான் டாக்டருக்கு அந்த யோசனை வந்தது. கேட்டவுடன் கால் தானாக ஏறி இறங்குகிற மாதிரி ஓர் இசையை நாமே செய்தால் என்ன? பத்து தட்டு, ஒரு மணி, பத்து தட்டு, ஒரு மணி. அவ்வளவுதானே. இதற்கென்று கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். எது என்று தெரியாது.

தெரிந்த ஆள் குடும்பத்திலேயே இருந்தார். கணவரின் தம்பி. மொபைல் கவர் கடையில் வேலை. எப்போதோ மூன்று மாதம் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்தவர். அன்றிலிருந்து எந்தப் பாட்டைக் கேட்டாலும் கண்ணை மூடி, புருவத்தைச் சுருக்கி, "மிக்ஸிங் சரியில்ல" என்பார்.

"அண்ணி, இதை எங்கிட்ட விட்டுடுங்க. உலகத்துல பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் ஒரே சாஃப்ட்வேர்லதான் போடறாங்க. முப்பது நாளைக்கு டிரயல் இருக்கு."

டாக்டருக்கு அதற்குள் குரல் பாதி திரும்பியிருந்தது. "அது பத்து எண்ணுமா தம்பி?"

"நானூத்தி இருபது வகை வயலின் இருக்கு அண்ணி."

"பத்து எண்ணுமா?"

"மழையில நனைஞ்சுக்கிட்டே வாசிக்கிற மாதிரி ஒரு வயலின் தனியா இருக்கு!"

கிளினிக்கின் லேப்டாப்புக்கு வயசு எட்டு. அதில் அந்தச் சாஃப்ட்வேரைத் திறக்கச் சொல்லிவிட்டு ஒருவருக்கு ஒத்தடம் கொடுக்க ஆரம்பித்தால், ஒத்தடம் முடிந்து அவர் செருப்பு மாட்டும்போதுதான் திரை தெளியும். உள்ளே இருக்கும் விசிறி மாவு மில் மாதிரி இரையும். "புது மெஷினா டாக்டர்? இதை எங்க வைப்பீங்க, முட்டியிலயா முதுகுலயா?" என்று பேங்க் அம்மா கவலையாகக் கேட்டார்.

திரையெல்லாம் பொத்தான். தம்பி டீ குடிக்கப் போன நேரத்தில் டாக்டர் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். நாற்பது பேர் ஒரே குரலில் "ஆஆஆ" என்று அலறினார்கள். மூன்றாவது கட்டில்காரர், நாலு மாதமாகக் கைத்தடி இல்லாமல் ஓர் அடி வைக்காதவர், துள்ளிக் குதித்து வாசல் வரை தானாகவே ஓடினார். டாக்டர் பதறியபடியே அவர் நடையைக் கவனித்தார். நல்ல முன்னேற்றம். ஆனால் எல்லோரையும் இப்படிக் குணப்படுத்த முடியாது. அந்தச் சாஃப்ட்வேரின் விலையும் இரண்டு புதுக் கட்டிலின் விலை.

தம்பி சளைக்கவில்லை. அடுத்ததைக் கொண்டுவந்தார்.

"இது ரொம்ப கம்மி அண்ணி. மாசம் கொஞ்சூண்டு."

"எத்தனை மாசம்?"

தம்பி தலையைச் சொறிந்தார். "எப்பவும்."

"கட்டலைன்னா?"

"நீங்க போட்ட பாட்டு உங்களுக்கே திறக்காது."

"அப்போ இது சாஃப்ட்வேர் இல்ல தம்பி, இன்னொரு வாடகை வீடு. ஒண்ணைச் சமாளிக்கவே நான் மாடியில உக்காந்திருக்கேன்."

மூன்றாவது மலிவு. ஆட்டம் போடுகிறவர்களுக்காகச் செய்தது. அதன் வேகத்தைக் குறைக்கும் இடம் எங்கே என்று தம்பி தேடிக்கொண்டிருக்கும்போதே அது திம்திம்மென்று ஓட ஆரம்பித்துவிட்டது. நாலு காலும் சைக்கிள் மிதித்தன. ரெஃப்ரி படுத்தபடியே பையிலிருந்து விசிலை எடுத்து ஊதி, "ஃபவுல்!" என்று கத்தினார். தம்பிக்கு மஞ்சள் அட்டை காட்டாததுதான் குறை.

நாலாவதை டாக்டரே கண்டுபிடித்தார். எளிமையான ஒன்று. ஒரு மத்தளம், ஒரு மணி, கீழே இரண்டு வரிசைக் கட்டங்கள். மத்தியான ஓய்வில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரே நாளில் ஓர் இசைத் துண்டைச் செய்துவிட்டார். கேட்கவும் நன்றாகத்தான் இருந்தது. செய்துவிட்டு அவர் தலையை ஆட்டியதைப் பார்த்தால் யாரும் பிசியோதெரபிஸ்ட் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் இலவசப் பதிப்புக்கு இரண்டு நிபந்தனைகள் இருந்தன. எறும்புக்குத்தான் படிக்க முடியும் என்கிற அளவு எழுத்தில் போட்டிருந்தார்கள். ஒன்று, நிமிஷத்துக்கு ஒருமுறை எட்டு வினாடி சத்தமே வராது. இரண்டு, செய்ததைச் சேவ் பண்ண முடியாது.

முதல் நிபந்தனை தெரியவந்தபோது நாலு காலும் அந்தரத்தில் இருந்தன. அறையில் ஊசி விழுந்தால் கேட்கும்.

"டாக்டர், நின்னுடுச்சு. காலை என்ன பண்றது?"

"மணி அடிக்காம நான் இறக்க மாட்டேன்" என்றார் பேங்க் அம்மா, முகம் சிவந்து. "ரூல்னா ரூல்தான்."

"இது கூடுதல் நேரம்" என்று ரெஃப்ரி மட்டும் திருப்திப்பட்டார்.

இரண்டாவது நிபந்தனைக்கு ஒரே வழிதான். லேப்டாப்பை அணைக்காமலே வைத்திருப்பது. விலை கொடுத்து வாங்கலாமா என்று முடிவெடுக்கும்வரை அப்படியே ஓடட்டும் என்று, 'தொடாதே' என்று எழுதி மூடியில் ஒட்டினார். சாயங்காலம் கிளினிக்கைப் பூட்டும்போது, தூங்குகிற குழந்தையை விட்டுப் போகிறவர் மாதிரி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். நாலு நாள் இப்படிப் போயிற்று.

ஐந்தாம் நாள் அவர் மேலே வந்தபோது தம்பி லேப்டாப் முன்னால் பெருமையாக உட்கார்ந்திருந்தார்.

"இது ஏன் ஸ்லோவா இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டேன் அண்ணி. என்னென்னமோ திறந்து கிடந்துச்சு. எல்லாத்தையும் மூடிட்டேன். இப்பப் பாருங்க, பறக்கும்."

டாக்டர் லேப்டாப் மூடியை எட்டிப் பார்த்தார். "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ஒண்ணு மட்டும் அடம்பிடிச்சுச்சு. 'எல்லாம் போயிடும், பரவாயில்லையா'ன்னு வேற கேட்டுச்சு. பரவாயில்லைன்னு அழுத்திட்டேன்."

"மூடியில ஒட்டியிருந்ததைப் படிக்கலையா?"

"அது மத்தவங்களுக்குன்னு நினைச்சேன்."

கோபம் வந்தால் பத்து வரை எண்ண வேண்டும் என்பார்களே, டாக்டர் எண்ணினார். கரகரத்த குரலில், ஒவ்வொரு எண்ணையும் கடித்துத் துப்பினார். ஆறில் தம்பி எழுந்தார். எட்டில் செருப்பைக் கையில் எடுத்தார். பத்தில் அவர் தெருவில் இருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் டாக்டர் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். கணவருக்குக் காது மெஷின் விற்கும் கடை. நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் உரக்கக் கத்துவதால் வீட்டில் வார்த்தையைச் செலவழிக்க மாட்டார். "ம்" கொட்டுவதோடு சரி. அன்று மட்டும் என்ன தோன்றியதோ, செய்தித்தாளை மடித்தார்.

"கடைக்கு வர்றவங்க எல்லாரும், இருக்கறதுலயே பெரிய மெஷினைக் குடுங்கம்பாங்க. நான் ஒண்ணுதான் கேப்பேன். யாரு பேசறது உங்களுக்குக் கேக்கணும்? பேத்தி பேசறதுன்னா ஒரு மெஷின். கூட்டத்துல பேசறதுன்னா வேற மெஷின். வீட்டுக்காரம்மா பேசறது கேக்காம இருக்கணும்னு ஒருத்தர் சொன்னாரு. நீங்க எதையும் வாங்க வேணாம்னு அனுப்பிச்சுட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "உனக்கு என்ன வேணும்?"

டாக்டர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினார். பத்து எண்ணணும். மணி அடிக்கணும். வேகத்தைக் குறைக்க முடியணும். சேவ் ஆகணும். ஒத்தடம் ஆறுவதற்குள் திறக்கணும். ஒரு தடவை காசு கொடுத்தால் அதோடு முடியணும்.

"வயலின்?"

"வேணாம்."

வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த கிளினிக் லேப்டாப்பில், காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடியபோது அரைமணி நேரத்தில் கிடைத்துவிட்டது. யாரோ ஒருவர் தனியாளாக எழுதி விற்கும் குட்டிச் சாஃப்ட்வேர். ஒரு ஜோடி நல்ல செருப்பின் விலை. பழைய லேப்டாப்பிலும் கண் சிமிட்டுவதற்குள் திறந்தது. அதோடு மைக்கில் பேசிப் பதிவு செய்யவும் வசதி இருந்தது. அப்படியானால் மத்தளத்துக்குப் பதில் மனிதக் குரலே எண்ணலாமே!

டாக்டர் தன் குரலைப் பதிந்து கேட்டார். தகர டப்பாவைச் சிமெண்டுத் தரையில் இழுத்த மாதிரி இருந்தது. தம்பியைக் கேட்கலாம்; பாடிக் காட்டுவார். கணவர் பக்கம் திரும்பினார். அவர் மறுபடி செய்தித்தாளுக்குள் போயிருந்தார்.

"ஏங்க, ஃபேனைக் கொஞ்சம் குறைக்கட்டுமா?"

"ம்."

பதிவாயிற்று. கனமான, நிதானமான, பிசிறில்லாத "ம்."

"நாளைக்கு மழை வருமா?" சந்தேக ம். "என் தங்கச்சிக்கு ஃபோன் பண்ணீங்களா?" தப்பித்துக்கொள்ளும் ம். "இந்தப் புடவை நல்லாருக்கா?" தலையைத் தூக்காத ம். இப்படி ஒன்பது சேர்ந்தன. பத்தாவதுதான் முக்கியம், காலை மெல்ல இறக்குகிற அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். டாக்டர் கொஞ்சம் யோசித்தார்.

"உங்க தம்பி ஒரு மாசம் நம்ம வீட்டுலயே தங்கிக்கறேங்கறாரு."

"ம்ம்ம்ம்ம்ம்..."

மறுநாள் காலை நாலு காலும் ஒரே நேரத்தில் ஏறின, ஒரே நேரத்தில் இறங்கின. மூன்று வாரத்தில் முதல் தடவையாக யாரும் சண்டை போடவில்லை. "இந்த ஆள் எண்ணுறதுல ஒரு நியாயம் இருக்கு" என்று ரெஃப்ரி சான்றிதழ் கொடுத்தார். பேங்க் அம்மா கண்ணை மூடியபடி, "எங்க வீட்டுக்காரர் முப்பத்தஞ்சு வருஷத்துல இவ்வளவு பொறுமையா ம் கொட்டினதே இல்ல டாக்டர்" என்றார். டாக்டருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அடுத்த வாரமே தோளுக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று என்று அதே ம்களை வெட்டி ஒட்டிச் செய்தார்.

பேங்க் அம்மாவுக்குச் சிகிச்சை முடிந்தது. வீட்டிலேயே தொடர்ந்து செய்யும்படி அவர் ஃபோனில் அதை ஏற்றி அனுப்பினார் டாக்டர்.

ஐந்தாம் நாள் ஒரு பெரியவர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். தலை இடது தோள்மேல் சாய்ந்திருந்தது.

"நீங்கதான் முட்டி டாக்டரா? நான் பேங்க் அம்மாவோட வீட்டுக்காரர். ஒரு விஷயம். வெளிய சொல்லவே கூச்சமா இருக்கு." குரலைத் தணித்தார். "தினமும் காலையில அவ கதவைச் சாத்திக்கிறா. உள்ள ஒரு ஆம்பளைக் குரல்."

"என்ன சொல்லுது?"

"ம்... ம்...ங்குது. கடைசியில நீளமா ஒண்ணு. இவ, அப்பாடாங்கறா!"

டாக்டர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு ஃபோனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, கணவரின் கடைக்கு அடித்தார்.

"ஏங்க, வேலையா இருக்கீங்களா?"

"ம்."

"இவன்தான்!" என்று பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

கட்டிலைக் காட்டி, லேப்டாப்பைக் காட்டி, ரெஃப்ரியைச் சாட்சி சொல்ல வைத்து, பெரியவரை உட்கார வைப்பதற்குக் கால்மணி நேரம் ஆயிற்று. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். முகம் தெளிந்தது. தலை மட்டும் நிமிரவில்லை.

"கழுத்து எப்படிப் பிடிச்சுது சார்?"

பெரியவர் தரையைப் பார்த்தார். "கதவு கொஞ்சம் கனமான கதவு. காதை அழுத்தி வச்சாத்தான் கேக்கும். நாலு நாளு..."

டாக்டர் இரண்டாவது கட்டிலைத் தட்டிக் காட்டினார். கழுத்துக்கான ம்களைப் போட்டார். பெரியவர் லேப்டாப்பை முறைத்தபடியே படுத்துக்கொண்டு, முதல் ம்முக்குத் தலையை விறைப்பாக வைத்திருந்தார். நாலாவது தடவை கழுத்து விரலளவு அசைந்தது. பத்தாவது தடவையில் அவர் முறைப்பதை விட்டுவிட்டார்.

மொத்தம் எட்டு நாள் வந்தார். கடைசி நாள் தன் ஃபோனிலும் ஏற்றித் தரச் சொல்லி வாங்கிப் போனார். இப்போது காலையில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே அறையில், கதவைத் திறந்து போட்டுக்கொண்டே, ஆளுக்கொரு ம்முக்குக் காலையும் கழுத்தையும் ஆட்டுகிறார்களாம்.