மங்கல் பக்கம்

முடியெல்லாம் வெளுத்து, பல்லெல்லாம் கறுத்து, கண்மணி இரண்டும் விளக்கேற்றியதுபோல் பளீரென்று, நான்கு வயதுப் பிள்ளை என் விரலிடுக்கில் கிழவியாக நிற்கிறாள், ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிலிமைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன், இருந்திருந்தால் சாந்தாமணிக்கு இந்த ஆடியோடு நாற்பத்திரண்டு, நரை விழத் தொடங்கியிருக்கும், நான் தகரப் பெட்டிக்குள் பூட்டி வைத்த இந்த முப்பத்தெட்டு வருசமும் இந்தப் பிலிம் என் மகளை வளர்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது போல, இப்படியெல்லாம் நினைக்கிற ஆள் இல்லை நான், நாலாம் வகுப்போடு நின்றவன், எதையும் திருப்பிப் பார்க்காமல் வாங்காதவன், கத்திரிக்காய் என்றால் காம்புப் பக்கம், சேலை என்றால் உள்பக்கம், மனுசன் என்றால் அவன் போன பிறகு அவனைப் பற்றி நாலு பேர் சொல்வது, என் வீட்டுக்காரி மயிலாத்தாள் தலையணை உறையில் நூலால் மயில் போட்டுக் காட்டினால்கூட மயிலைப் பார்க்கமாட்டேன், உறையைத் திருப்பி முடிச்சுகளைத்தான் பார்ப்பேன், ஏனுங்க, மயிலு முன்னாலயல்ல இருக்குது என்பாள், வேலைக்காரி கை பின்னாலதாண்டி தெரியும் என்பேன், தொழில் அப்படி, திருப்பூரில் முப்பது வருசம் பனியன் கம்பெனியில் இருந்தவன், பனியனை உள்வெளியாகத்தான் தைப்பார்கள், மலைபோல் குவிந்து கிடக்கும், கையை உள்ளே விட்டுக் கழுத்தைப் பிடித்து ஒரு இழு, திரும்பிவிடும், ஒரு நாளைக்கு ஆயிரம், இரண்டாயிரம், கரண்டு போனாலும் என் கை நிற்காது, நல்ல பக்கம் வழவழப்பு, கெட்ட பக்கம் சொரசொரப்பு, விரல் பட்டாலே தெரியும், அந்த விரலால்தான் இந்தப் பிலிமைப் பிடித்திருக்கிறேன், ஓரத்தில் மட்டும், அழுக்குப் படக்கூடாது என்று, அன்றைக்கும் அப்படித்தான் பிடித்தேன்.

அன்றைக்கு என்றால், பிள்ளை காய்ச்சலில் போய்ப் பதினொன்றாம் நாள், அதற்கு மூன்று வாரம் முன்னால் புதுக் கவுன் போட்டு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் எடுத்த படம், அன்னம் நீந்துகிற திரைக்கு முன்னால் நிறுத்தி, ஸ்டுடியோக்கார அருளப்பன் கிலுகிலுப்பையை ஆட்டிச் சிரிக்க வைத்தான், படம் வாங்கப் போன நான் சேதியைச் சொன்னதும் அவன் சீட்டைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை, உள்ளே போய் அப்போதே கழுவி, ஈரத்தோடு கொடுத்தான், பிலிமையும் குடுத்துரு என்றேன், கொடுத்தான், சாந்தாமணி வலது கன்னத்து மச்சத்தோடு சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள், மயிலாத்தாள் படத்தை வாங்கிப் பார்த்தவள் என்னிடமே திருப்பி நீட்டினாள், இது என்ற புள்ளை இல்லீங்க என்றாள், என்ற புள்ளைக்கு மச்சம் இடது கன்னத்துல, எண்ணெய் தேய்க்கறப்ப என்ற கட்டைவிரல் அதுலதான் இடிக்கும், கிறுக்குப் புடிச்சுப் போச்சா உனக்கு, படம் பொய் சொல்லுமா என்று கத்தினேன், எனக்கு மச்சம் எந்தப் பக்கம் என்று நிசமாகவே தெரியாது, விடியுமுன் வேலைக்குப் போய் ஊரடங்கிய பிறகு வருகிறவன், நான் பார்த்ததெல்லாம் குப்புறப் படுத்துத் தூங்குகிற பிள்ளையை, அதை அவளிடம் சொல்லவில்லை, அப்பன் மறந்துவிட்டான் என்று ஆகிவிடுமே, ஆகவே படம்தான் சரி, படம்தான் என் கண், சுவரில் ஆணி அடித்து மாட்டினேன், அவள் ஒரு நாளும் அதற்கு விளக்கேற்றவில்லை, பூ வைக்கவில்லை, நானும் விடவில்லை, பெற்ற பிள்ளையையே இல்லை என்கிறவள் என்று உறவு முழுக்கச் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து அருளப்பன் வீட்டுக்கே வந்தான், வாசலிலேயே நின்றான், அண்ணா, அந்தப் பிலிமை ஒருக்காக் குடுங்க, மனசு சரியில்லாம அவசரத்துல போட்டது, வேற ஒண்ணு நல்லாப் போட்டுத் தர்றேன், எனக்குச் சுருக்கென்றது, எதுக்கு, உன்ற கடை கண்ணாடிக்குள்ள மாட்டி ஊரைக் கூப்பிடறதுக்கா, போடா என்றேன், அவன் வாயைத் திறந்தான், நான் கதவைச் சாத்தினேன், அதோடு அவன் வரவில்லை, பெட்டிக்கு ஒரு பூட்டு போதாதென்று இரண்டாவது பூட்டும் வாங்கினேன்.

இப்போது மயிலாத்தாளுக்குக் கண்ணில் நீர் அழுத்தம், ஓரத்திலிருந்து இருட்டு உள்ளே வருகிறதாம், நடுவில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோலத்தான் தெரிகிறதாம், போன பார்வை போனதுதான், இருக்கிறதும் வருகிற தை மாசம் வரை நின்றால் பெரிசு என்று டாக்டர் சொல்லிவிட்டார், அந்தக் குழாயும் அடைபடுவதற்குள் பிள்ளையை ஒரு தரமாவது முகம் கொடுத்துப் பார்க்கட்டும், பெரிசாகப் போட்டால் அடையாளம் தெரியும், ஒத்துக்கொள்வாள் என்றுதான் பூட்டைத் திறந்தேன், பிலிமைக் காகிதத்தில் மடித்து பஸ் ஏறினேன், படம் போடுகிற கடையில் மெர்சி என்று ஒரு அம்மா, அந்தம்மா உட்கார்ந்து கண்ணாடித் தகட்டில் சாயம் தீட்டிக்கொண்டிருக்கிறது, பொழுதுபோக்காம், தகட்டில் இரண்டு கண்கள் மட்டும் மிதக்கின்றன, முகமே இல்லை, இதென்னம்மா கண்ணை முதல்ல போடறே என்றால், கண்ணாடிக்குப் பின்னால போடறதுங்கய்யா, முன்னால தெரியறதையெல்லாம் முதல்ல போடோணும், கண்ணு, அப்புறம் மூஞ்சி, கடைசியிலதான் வானம், முடிச்சுத் திருப்புனாத்தான் எனக்கே தெரியும் என்கிறது, நான் பிலிமைக் கொடுக்காமல் நிற்கிறேன், ஏனுங்கய்யா, நான் என்ன முழுங்கியா போடப்போறேன், என் கண் முன்னாலயே செய் என்கிறேன், பிலிமை வாங்கி அடியில் விளக்கெரிகிற பெட்டிமேல் வைத்தது, வீட்டுல மாட்டியிருக்கிற படத்துல மச்சம் வலது கன்னத்துல, அப்படியே வரோணும் என்றேன், திரும்பப் பிலிமைப் பார்த்தது, இதைத் திருப்பிப் போட்டல்ல கழுவியிருக்கறாங்க என்றது.

புரியவில்லை என்றேன், தொட்டுப் பாருங்க என்றது, பரவாயில்லைங்க, நல்லாவே தொடுங்க, ஒரு பக்கம் பளபளன்னு இருக்கும், ஒரு பக்கம் மங்கலா இருக்கும், மங்கல் பக்கம் தாளைப் பாத்து இருக்கோணும், கை தவறி மாத்தி வெச்சுட்டாங்க, வலது இடதாயிருச்சு, தொட்டேன், ஆயிரமாயிரம் பனியனைத் திருப்பிய இந்தக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் முதல் தரம் அதை முழுசாகத் தொடுகின்றன, வழவழப்பு இந்தப் பக்கம், சொரசொரப்பு அந்தப் பக்கம், கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன், ஊரில் ஒன்று பாக்கியில்லாமல் திருப்பிப் பார்த்தவன் பெட்டிக்குள் இருந்ததைத் திருப்பவில்லை, அந்தம்மா பிலிமைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஏதோ பொத்தானைத் தட்டியது, திரையில் நரையெல்லாம் கறுத்தது, பல்லெல்லாம் வெளுத்தது, இன்னொரு தட்டு, பிள்ளை இந்தப் பக்கம் திரும்பினாள், இடது கன்னத்தில் மச்சம், எனக்கு அவளைத் தெரியவில்லை, பிறகு தெரிந்தது, தூக்கத்தில் ஒரு நாள் புரண்டு படுத்தாள், சிம்னி வெளிச்சத்தில் அந்தக் கன்னம் மேலே வந்தது, கொசுவென்று நினைத்து மச்சத்தை ஊதினேன், அந்த மூச்சு இத்தனை வருசம் எங்கே இருந்தது, இதையே பெரிசாச் சட்டம் போட்டுக் குடும்மா என்றேன், வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைகிறேன், மயிலாத்தாள் பழைய படத்துக்கு முதுகு காட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, கைக்கண்ணாடியை மூக்குக்குக் கிட்டத்தில் பிடித்துப் பொட்டு வைக்கிறாள், முப்பத்தெட்டு வருசமாகத் தினமும் இதே இடத்தில் இப்படித்தான், வெளிச்சம் இங்கதானுங்க நல்லா வருது என்பாள், நான் நம்பியதில்லை, பிள்ளைக்கு முதுகு காட்டுகிறாள் என்றே நினைத்தேன், பையைக் கீழே வைக்காமலே சொன்னேன், நீ சொன்னதுதான் சரி, இடது கன்னந்தான், அருளப்பன் மாத்திப் போட்டுட்டான், சரி பண்ணித் தர்றேன்னு வந்தவனை நான் தொரத்திட்டேன், அவள் பதறவில்லை, பொட்டை விரலால் வட்டம் திருத்திக்கொண்டு, இடதுன்னு எனக்குத் தெரியாதா என்றாள், இங்க வந்து குனிஞ்சு பாருங்க, குனிந்தேன், கைக்கண்ணாடியில் அவள் தோளுக்கு மேலே சுவர், சுவரில் படம், படத்தில் சாந்தாமணி, இடது கன்னத்து மச்சத்தோடு எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

ஏன் சொல்லலே, இத்தனை வருசம் ஏன் ஒரு வார்த்தை சொல்லலே என்றேன், சொல்லியிருந்தா இந்தக் கண்ணாடியையும் புடுங்கிப் பெட்டியில வெச்சுப் பூட்டியிருப்பீங்க என்றாள், கோபமில்லாமல், சோறு வெந்துவிட்டது என்று சொல்வதுபோல, நான் பழைய படத்தைக் கழற்றிப் பையிலிருந்த புதியதை ஆணியில் மாட்டினேன், அவள் கண்ணாடியில் தேடினாள், அந்தச் சின்னக் குழாய்க்குள் எங்கெங்கோ தேடி, இதுல இப்ப வலதால்ல தெரியுது என்றாள், ஆமா என்றேன், கண்ணாடியை மடியில் குப்புற வைத்தாள், கையை நீட்டினாள், பிடித்தேன், எழுந்து, என் கையை ஊன்றிக்கொண்டு, அடி அடியாகச் சுவரைப் பார்த்துத் திரும்பினாள், சித்தெ தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கறீங்க என்றாள்.