அம்மாவாசி அடைத்த கதவு

கட்டப்போகும் ஆஸ்பத்திரிக்கு இரண்டு வாசல் வேண்டும் என்று பஞ்சாயத்துத் தலைவர் தங்கபாண்டி கேட்டதும் பஞ்சாபிக்கார ராணுவக் கேப்டனுக்கு ஒரே சந்தோஷம். இந்தப் பட்டிக்காட்டில் இப்படி ஒரு விவரமான மனிதரா என்று அசந்துபோனார். வர ஒன்று, போக ஒன்று, காற்றோட்டத்துக்கும் நல்லது என்று என்னிடம் இங்கிலீஷில் விளக்கம் வேறு. அந்த ஆஸ்பத்திரிக்கு நர்சாகப் போட்டிருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் வடுகபட்டியிலிருந்து டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியிருந்தேன். இரண்டு வாசல் எதற்கு என்று எனக்கே புரிந்தது. மொழிபெயர்த்துக்கொண்டு நின்ற ஹவில்தார் அம்மாவாசிக்குப் புரியாமல் இருக்குமா? அவர் அதே ஊரின் கீழத்தெருக்காரர்.

"ஏலே அம்மாவாசி, முன்வாசல் எங்களுக்கு, பின்வாசல் ஒங்க ஆளுகளுக்கு. தொரைகிட்ட அம்புட்டையும் வெளக்க வேணாம். ரெண்டு வாசல்னு மட்டும் சொல்லு" என்றுதான் தலைவர் சொன்னார்.

சட்டைக் கையில் மூன்று பட்டை போட்ட மனிதரை ஊர் நடுவில் 'ஏலே' என்கிறார். கேப்டன் அதைப் பாசம் என்று நினைத்துச் சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவாசி முகம் மாறாமல் இந்தியில் இரண்டு வாசல் என்று சொல்லி முடித்தார்.

அறுபத்து நாலாம் வருஷம் அது. வெள்ளத்தில் போன பாலத்தைச் சரிசெய்ய ராணுவ என்ஜினீயர் படை வந்திருந்தது. கூடவே ஊருக்கு ஒரு சின்ன ஆஸ்பத்திரியும் கட்டிக் கொடுப்பதாக ஏற்பாடு. கேப்டனிடம் முழுசாகச் சொல்லியிருக்கலாமே என்று அன்று சாயந்தரம் அம்மாவாசியிடம் கேட்டேன்.

"சொன்னா கேப்டன் கோவிச்சுக்குவாரு. தலைவர் எடம் தர மாட்டேம்பாரு. ஆஸ்பத்திரியே இல்லாமப் போயிரும் நர்சம்மா. எந்தங்கச்சி பூமாரி மாசமா இருக்கா. எங்காத்தா பேறுகாலத்துல உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, மாட்டு வண்டியிலயே செத்துச்சு. இவளுக்காச்சும் பக்கத்துல ஒரு கட்டடம் இருக்கட்டும்."

முந்தின வருஷம்தான் ஐ.நா. சேனையோடு காங்கோ போய்த் திரும்பியிருந்தார். அங்கேயும் இதே மாதிரி ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று வெட்டிக்கொண்டு சாகிற இரண்டு கூட்டத்தாரும் ஒரே வாசலில் வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மருந்து வாங்கினார்களாம். "கண்ணால பாத்தேன் நர்சம்மா" என்று இரண்டு தடவை சொன்னார்.

படை கிளம்புகிற நாள். லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தபோது அம்மாவாசி செங்கலும் சிமெண்டும் கொண்டுவந்து பின்வாசலை உள்பக்கமாக அடைத்துக் கட்டினார். வெளியே மரக்கதவு அப்படியே நின்றது. கேப்டனின் வரைபடத்தில் அது இருக்கிறதே! பூச்சு வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "இனிமே எல்லாரும் ஒரே வாசல்ல வரட்டும்" என்றார். எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது. காப்பி போட்டுக் கொடுத்தேன்.

கீழத்தெருவுக்குப் போய் வீடு வீடாகச் சொன்னேன். பின்கதவு திறக்காது, எல்லாரும் முன்னாலேயே வாருங்கள் என்றேன். பெண்கள் தலையை ஆட்டினார்கள். சிரங்கு பிடித்த பிள்ளைகள் மட்டும், முன் வராந்தாவில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஓடி வந்து மருந்து போட்டுக்கொண்டு ஓடின. ஒரு பெண்ணும் வரவில்லை. கொஞ்ச நாள் போனால் பழகிவிடும் என்று நம்பினேன்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மழை கொட்டியது. தகரக் கூரையின் சத்தத்தில் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. முன் வராந்தா பெஞ்சில் தலைவரும் அவர் ஆட்களும் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். மழை விட்டதும் வாளித் தண்ணீரைக் கொட்டப் பின்பக்கம் போனேன். மரக்கதவின் அடியில் பூமாரி சுருண்டு கிடந்தாள். பிள்ளை பிறந்திருந்தது. சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்தாள். என்னென்னவோ செய்து பார்த்தேன், அது அழவே இல்லை.

பூமாரியைத் தூக்க ஒரு கை பிடியுங்கள் என்று வராந்தாவைப் பார்த்துக் கத்தினேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

"அந்தப் புள்ள எங்களத் தாண்டித்தான் போச்சு. பின்னால நீங்க பாத்துக்கிடுவீகன்னு நெனச்சோம்" என்றார் தலைவர். அவர் மேல் வாளியை வீசாமல் இருந்தேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல்தான் ஆத்திரம் வருகிறது.

தந்தி கண்டு அம்மாவாசி வந்து சேர்ந்தார். குடிசை வாசலில் தங்கை பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"முன்கதவு தொறந்துதான ஆத்தா இருந்துச்சு?"

"இருந்துச்சுண்ணே. உள்ள நர்சம்மா நடமாடுனது கூடத் தெரிஞ்சுச்சு."

"பெறகு ஏன் போகல?"

"அங்கன அவுக உக்காந்திருந்தாகள்ல?" என்றாள் பூமாரி. இதைக்கூடவா கேட்பது என்பது போல அண்ணனைப் பார்த்தாள். "பின்கதவு தொறக்காதுன்னு நர்சம்மா சொன்னப்ப, பூட்டித்தான் இருக்கும், தட்டுனா தொறப்பாகன்னு நெனச்சேன். உள்ள செவுரு இருக்குன்னு தெரியாது. அத எடுத்து விட்டுருண்ணே."

மறுநாள் அம்மாவாசி கடப்பாரையோடு வந்தார். நான் சுவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். இடித்தால் தலைவர் ஆட்கள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும், விடமாட்டேன் என்றேன்.

"எனக்கு லீவு முடிஞ்சிரும் நர்சம்மா. அடுத்து ஒருத்தி வந்து தட்டுவா" என்றார் அம்மாவாசி. "அவ செத்தாலும் முன்பக்கம் வரமாட்டா. நகருங்க."

நகர்ந்தேன். வேறென்ன செய்ய?

சுவர் லேசில் விடவில்லை. அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தார் மனிதர். ஒவ்வொரு செங்கலுக்கும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. உள்ளங்கை கிழிந்து கடப்பாரையில் ரத்தம் வழிந்தது, துணி சுற்றிவிடப் போனேன், கையைத் தரவில்லை. வராந்தாவிலிருந்து தலைவர் எட்டிப் பார்த்து, "ரெண்டு வாசல்னு அன்னைக்கே சொன்னேன்ல?" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பினார். அம்மாவாசி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பொழுது சாயும்போது வழி விட்டது. இடிந்த செங்கலை ஓரமாக ஒதுக்கிவிட்டு மரக்கதவைத் தள்ளித் திறந்தார். வெளியே பூமாரி காத்துக்கொண்டு நின்றாள். பால் கட்டிக்கொண்டு காய்ச்சலாக இருந்தது அவளுக்கு. கால் சேற்றைப் படியில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துவிட்டு, தலை குனிந்து உள்ளே வந்தாள்.

"இப்ப நல்லாருக்குண்ணே" என்று அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள்.