எல்லாரும் தூங்கவைத்த பாடகர்

பாடகர் இறந்த துக்கத்தில் வயலின்காரர் துரும்பாய் இளைத்துவிட்டார் என்று ஊரே உச்சுக் கொட்டியது. உண்மையில் அவரை இளைக்கவைத்தது வேறு கவலை. பாடகருக்கு உயிர்நண்பர் தான் ஒருத்தர்தான் என்பதை உலகத்துக்கு எப்படிக் காட்டுவது? துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் அதே முகத்தோடு அல்லவா நின்றிருந்தார்கள்!

பழைய குழுவினர் சேர்ந்து பாடகர் நினைவாக ஒரு ஆல்பம் போடுவது என்று முடிவானது. அவருடைய வாழ்க்கையில் ஒரே ஒரு நாள். கண் விழிப்பதில் தொடங்கி ராத்திரி கண் மூடுவது வரை, பாட்டுக்குப் பாட்டு பொழுது நகரவேண்டும். யாருக்கு எந்தப் பொழுது மனதில் படுகிறதோ அதை அவரவர் வீட்டில் பதிவுசெய்து அனுப்பலாம். ஒருவர் பாட்டை மற்றவரிடம் மூச்சுவிடக் கூடாது. அப்போதுதான் அஞ்சலி கலப்படமில்லாமல் இருக்கும் என்று சொன்னவரும் நம் வயலின்காரர்தான்.

சொல்லும்போதே அவர் மனசுக்குள் கடைசிப் பாட்டுக்குத் துண்டு போட்டுவிட்டார். யார் தாலாட்டுகிறாரோ அவர்தானே ரொம்ப வேண்டியவர்?

வீட்டில் மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்துப் பதிவு நடந்தது. சின்னப் பாட்டுதான். முன்னிசை மட்டும் கொஞ்சம் நீளம். குழுவில் அவருக்கு ‘இழுவை’ என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? வாசித்துக்கொண்டே அழுதார் மனுஷன். அழுகை மைக்கில் விழுகிறதா என்று பார்த்துப் பார்த்து அழுதார்.

கதவைத் தட்டினாள் மனைவி. “ஏங்க, இன்னும் அழணுமா? நான் மிக்ஸி போடணும்.”

எல்லாப் பாட்டும் வந்து சேர்ந்ததும், ஒலிப்பதிவு அறையில் கூடினார்கள். பாடகரின் மனைவியை, குழுவுக்கெல்லாம் அண்ணியை, நடுநாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஒலிப்பதிவு செய்யும் பெண் முதல் பாட்டைப் போட்டாள். பிறந்ததிலிருந்து எதையும் மெதுவாக அடித்தறியாத டிரம்ஸ்காரர், பஞ்சால் தட்டுவதுபோலத் தட்டித் தாலாட்டியிருந்தார். அடுத்த பாட்டில் கிடார்க்காரர் விளக்கை அணைத்தார். புல்லாங்குழல்காரர் போர்வை போர்த்திவிட்டார். வயலினின் முன்னிசை முடிவதற்குள் கிடார்க்காரர் நிஜமாகவே கண்ணயர்ந்துவிட்டார்.

“யோவ், ராத்திரிய நான்ல எடுத்திருந்தேன்!” என்று எகிறினார் டிரம்ஸ்காரர்.

“சொல்லியிருக்கலாம்ல?” என்றார் புல்லாங்குழல்காரர்.

“சொல்லக்கூடாதுன்னு சொன்ன புண்ணியவான் யாருய்யா?”

வயலின்காரருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

“சண்டை போடாதீங்க மாமா,” என்றாள் அந்தப் பெண். “ராத்திரிக்கு ஒரு பாட்டுதான் வைக்க முடியும். எதுன்னு அண்ணியே சொல்லட்டும்.”

வயலின்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அண்ணி அவரைப் பார்க்கவில்லை. “ஏம்ப்பா, ஆளாளுக்கு அவரத் தூங்கப்போடுறதுலயே இருக்கீங்களே. அவர் தூங்கினத நான் பக்கத்துல இருந்து பாத்துட்டேன். ஒருதடவை போதும்ப்பா. உங்கள்ல யார்கூடயும் அவர் முழிச்சே இருந்ததில்லையா?”

கிடார்க்காரருக்குக்கூடத் தூக்கம் கலைந்துவிட்டது.

பாடகர் கண் விழித்ததும் என்ன செய்வார் என்று வயலின்காரருக்குத் தெரியும். கச்சேரிக்குப் போன ஊரிலெல்லாம் பாடகரோடு ஒரே அறையில் தங்கியவர் அவர். ஆனால் அதைச் செய்துகாட்டினால் மானம் கப்பலேறும். உயிர்நண்பர் செய்கிற காரியமா அது? அண்ணியின் முகத்தைப் பார்த்தார். அது இன்னும் யாராவது வாய் திறப்பார்களா என்று காத்திருந்தது.

“காலைல கொப்பளிப்பார் அண்ணி,” என்றார்.

எழுந்துபோய்ச் சொம்புத் தண்ணீரை வாயில் ஊற்றி, அண்ணாந்து கொப்பளித்தார். சுரம் சுரமாக மேலே ஏறி, உச்சிக்குப் போனதும் சறுக்கி, ஓரமாக இருந்த வாளியில் துப்பிவிட்டு, பாடகரின் அதே கரகரப்பில் கத்தினார்: “டேய் இழுவை! எந்திரிடா! நீ விட்ட குறட்டையில பக்கத்து ரூம்காரன் காலி பண்ணிட்டான்டா!”

அண்ணி சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலி கிறீச்சிட, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். “அவரேதான். அப்படியே அவரேதான். இன்னொரு தடவை பண்ணுங்க.”

அந்தப் பெண் சத்தமில்லாமல் மைக்கை அவர் பக்கம் நகர்த்தினாள். “முதல் பாட்டு இதுதான் மாமா. வயலின் வேண்டாம்.”

அவர் மறுபடி வாய் நிறையத் தண்ணீரை ஊற்றிக்கொண்ட நேரம் பார்த்து டிரம்ஸ்காரர் குனிந்து காதருகில் வந்தார். “அப்ப கடைசிப் பாட்டு என்னோடதா இருக்கட்டுமா, இழுவை?”

உப்பிய கன்னத்தோடு வயலின்காரர் கையை வீசினார். எடுத்துக்கொண்டு போ, இப்போது தொந்தரவு பண்ணாதே என்று.