கியர் பெட்டியில் பண்டோங்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு சிக்னல்ல பச்சை விழுந்தாச்சு. நாகூர் கனி ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார், எஞ்சின் காட்டுக் கத்து கத்துது, ஜீப் மட்டும் நகரமாட்டேங்குது. பின்னால நிக்கிற டாக்ஸிக்காரன் சும்மா இருப்பானா? ஹார்ன்ல இருந்து கையை எடுக்கல. ஒருவழியா கியர் 'தடக்'னு விழுந்து வண்டி துள்ளிக்கிட்டுப் போனப்ப கனிக்கு நெஞ்சு பதறிப்போச்சு. பதறக் கூடாத நெஞ்சு அது. பைபாஸ் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகுது. இன்னிக்குத்தான் டாக்டர் ஸ்டியரிங்கைத் தொடவே விட்டிருக்கார்.

பக்கத்துல அவர் பொண்டாட்டி மைமூன் வாயே திறக்கல. அதுதான் அதிசயம். பதினாலு வருஷமா இந்த ஜீப்புக்கு அவ வச்ச பேரு சக்களத்தி. மலேசியா பக்கம் ஜொகூர்க் காட்டுல சேறு, ஆறுன்னு இறக்கி ஏத்திட்டு வந்ததும் மனுஷன் அதுக்கு அடியில போய்ப் படுத்துக்குவார். "கட்டினவளுக்குக் காய்ச்சல்னா பனடால் மாத்திரை, இவளுக்கு இருமல்னா ஒர்க்‌ஷாப்பா?"னு மைமூன் கேக்காத மாசம் கிடையாது. அப்பேர்ப்பட்டவ இன்னிக்குத் துப்பட்டா நுனியைத் திருகிக்கிட்டு உக்காந்திருக்கா.

"கியர் பெட்டி போச்சுன்னா அவ்வளவுதான்"னார் கனி. "இந்த வயசு வண்டிக்கு வேற பெட்டிக்கு எங்க போறது? ஸ்க்ராப்தான்."

அப்படியே தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தது காக்கி புக்கிட்ல அருண்ராஜோட ஒர்க்‌ஷாப். வருஷக்கணக்கா இவங்க வண்டியைப் பாக்கிற ஆளு. ஜீப்பைத் தூக்கி நிறுத்தி, கியர் பெட்டியோட அடி நட்டைக் கழட்டினான். சிவப்பா வரவேண்டிய ஆயில், ரோஸ் சிரப்புல பால் ஊத்தினாப்ல கொழகொழன்னு பாத்திரத்துல விழுந்துச்சு.

"பாய், இது ஆயில் இல்ல, கடையில குடிக்கிற பண்டோங் லா! உள்ள தண்ணி போயிருக்கு. ஆத்துல இறக்கினீங்களா?"

"எங்கப்பா? நான்தான் கட்டில்ல கிடந்தேனே."

அருண்ராஜ் டார்ச் அடிச்சுப் பார்த்தான். கியர் பெட்டி மூச்சு விடறதுக்குன்னு ஒரு சின்ன ரப்பர் குழாய் உண்டு. அது கழண்டு தொங்கிக்கிட்டிருந்துச்சு. "இந்த ஓட்டைக்குள்ள யாரோ பிரஷர் தண்ணி அடிச்சிருக்காங்க. அடிப்பக்கம் யாரு கழுவினது?"

"நான்தான்"னா மைமூன்.

கனி திரும்பிப் பார்த்தார். இவளா? இந்த ஜீப்புக்கு ஒரு ஈரத்துணி எடுத்துப் போடாதவளா?

"நீங்க டிஸ்சார்ஜ் ஆகறதுக்கு முந்தின நாள், பக்கத்து பெட்ரோல் ஸ்டேஷனுக்கு நானே ஓட்டிட்டுப் போனேன். நீங்க கடைசியா ஜொகூர் போன சேறு அடியில காஞ்சு அப்பிக்கிடந்துச்சு. பளிச்சுனு பார்த்தா சந்தோஷப்படுவீங்கன்னு அரை மணி நேரம் அடிச்சேங்க." கண்ணு கலங்கிடுச்சு. "யா அல்லாஹ், குளிப்பாட்டுறேன்னு கொன்னுட்டேனே!"

கனி எட்டி அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் மெதுவா சொன்னார்: "இதைப் பிடிச்சிருக்கிற கிளிப் உடைஞ்சது எனக்கு முன்னாடியே தெரியும் புள்ள. நாளைக்கு மாட்டிக்கலாம், நாளைக்கு மாட்டிக்கலாம்னு விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்."

"தப்பை வீட்டுல போய்ப் பங்கு போட்டுக்குங்க"ன்னான் அருண்ராஜ். ஆயிலை விரல்ல தொட்டுத் தேய்ச்சான். "இரும்புத் தூள் இல்ல, உள்ள பல்லு தேயல. அதிகம் ஓட்டாததால தப்பிச்சிருக்கலாம். மூணு தடவை புது ஆயில் ஊத்தி எடுக்கணும். அதுக்கப்புறமும் கியர் பிடிக்காம வழுக்கினா நம்ம கையில இல்ல பாய்."

முதல் தடவை வெளிர் ரோஸ். ரெண்டாவது கொஞ்சம் தேவலை. மூணாவது தடவை நல்ல சிவப்பா இறங்கினப்ப மைமூன் உதட்டுல துஆ ஓதறது நிக்கவே இல்ல. சாவியை வாங்கின கனிக்கு ஓட்டிப் பார்க்கத் தைரியம் வரல. "நீயே ஓட்டு"ன்னு அவகிட்ட குடுத்துட்டார்.

மைமூன் ஆட்டோமேட்டிக் கியரை 'டி'ல போட்டா. உலுக்கல் இல்ல, சத்தம் இல்ல. ஜீப் அப்படியே வழுவழுன்னு நகர்ந்து கேட்டைத் தாண்டிப் போச்சு. கனிக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு, கூடவே குறும்பும்.

"சக்களத்தி ஒழிஞ்சா உனக்கு நிம்மதிதானே? எதுக்கு அந்த அழுகை அழுதே?"

மைமூன் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கல.

"நீங்க ஆஸ்பத்திரியில கிடந்த ஒன்பது நாளும், உங்களைப் பார்த்துட்டு வந்து கார்பார்க்ல இவளுக்குள்ள உக்காந்துதாங்க அழுதேன். அப்ப எனக்கு இவளை விட்டா யாரு இருந்தா?"