பதினேழு பேரும் பந்தலில்

கூடத்தின் நடுவில், வாடகைக்கு வந்த ஐஸ் பெட்டிக்குள் கட்டட காண்ட்ராக்டர் வேதமுத்து படுத்திருந்தார். தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் மனைவி சுகிர்தம். அவளுக்கு இடப்பக்கம், சுவரில் சாய்ந்தபடி, அம்பத்தூரிலிருந்து வந்த நாத்தனார். கால்மாட்டில் தரையில், மீனவ மகளிர் சங்கத் தலைவி சிலுவையம்மாளும் அவளோடு வந்த நாலு பெண்களும். வாசல்படியில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்து, கைபேசியில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டு கொழுந்தன் டென்னிஸ். வெளியே பந்தலின் முதல் வரிசையில் லோகநாதன் மேஸ்திரி. அவருக்குப் பின்னால் கொத்தனார்கள் ஆறு பேர், கம்பி கட்டுகிறவர்கள் மூன்று பேர். நிழல் முடிகிற இடத்தில் சித்தாள் பெண்கள் ஆறு பேர். தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில், துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, வாட்ச்மேன் சுப்பராயன்.

சுகிர்தம் எண்ணிக்கொண்டு வந்தாள். துக்க வீட்டில் ஆள் எண்ணுவது நல்ல பழக்கம் இல்லைதான். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக, தினமும் காலை ஏழரைக்கு மேஸ்திரி போனில் பேர் சொல்லச் சொல்ல, வருகைப் பதிவேட்டில் டிக் போட்ட கை அது. வேலைக்கு ஆள் பிடிப்பது வேதமுத்து. எழுத்து வேலை எல்லாம் அவள். பந்தலில் பதினேழு பேர். பதிவேட்டிலும் பதினேழு பேர்தான். ஒருத்தர் பாக்கியில்லை.

அவள் கண் திரும்பவும், கட்டடத்தில் காவல் இருக்க வேண்டிய சுப்பராயனிடம் போய் நின்றது.

திருவொற்றியூர்க் குப்பத்தில் சங்கத்துக் கட்டடத்தின் மேல்தளம் நேற்று மாலைதான் போட்டு முடித்தது. பெண்கள் நிழலில் உட்கார்ந்து மீன் பிரிப்பதற்கான கட்டடம். இன்று வெயில் ஏறுவதற்கு முன்னால் தளத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சின்ன வரம்பு கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்தியிருக்க வேண்டும். புது கான்கிரீட் காய்ந்தால் கீறல் விடும். அதற்குக் கிளம்பத்தான் வேதமுத்து ஐந்து மணிக்கு எழுந்து சட்டையை மாட்டினார். மேலிருந்து மூன்றாவது பொத்தானில் விரல் நின்றுவிட்டது.

மே மாதம். மணி பதினொன்று இருபது.

சுகிர்தம் எழுந்தாள். விழப் போகிறாள் என்று நினைத்து நாத்தனார் கையை நீட்டினாள். அவள் நேரே பந்தலுக்குப் போனாள்.

"மேஸ்திரி, தளத்துல யாரு இருக்கா?"

லோகநாதன் எழுந்து நின்றார். "யாரும் இல்லக்கா."

"தண்ணி?"

"இன்னாக்கா நீ... அண்ணன் இப்டி கெடக்க சொல்ல தண்ணி எவனுக்கு ஞாபகம் வரும்? சேதி கேட்டதும் கரண்டிய கடாசிட்டு ஓடியாந்தோம்."

"சுப்பராயன், கடைசியா எப்ப நனைச்சீங்க?"

"சாக்கு போட்டு நனைச்சி வச்சிருந்தேம்மா. ஏழு மணி வரைக்கும் ஈரம் இருந்திருக்கும்." துண்டு வாயை விட்டு இறங்கியிருந்தது. "அதுக்கு மேல தாங்காது."

டென்னிஸ் வாசல்படியை விட்டு இறங்கி வந்தார். "என்ன மதினி இது? அண்ணன் நடுவீட்டுல கெடக்காவ. நீங்க தளத்துக்குத் தண்ணி கேட்டுக்கிட்டு நிக்கீங்க. பாக்கவங்க என்ன சொல்லுவாங்க?" குரலைத் தணித்தார். "அந்த வேலைய விட்டுத் தள்ளுங்க. மீதிய வேற காண்ட்ராக்டர் யாராவது பாத்துக்கிடட்டும். சங்கத்தம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

சுகிர்தம் உள்ளே திரும்பி, "சொன்னாராம்மா?" என்று கேட்டாள்.

சிலுவையம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "சொன்னாரு. நான் இன்னும் வாயத் தொறக்கல. வெள்ளிக்கெழம கமிட்டி கூடுது. காண்ட்ராக்டர் பூட்டாரு, இனிமே யாருன்னு கேப்பாளுங்க. எழுத்துல ஒண்ணு வேணும். அதெல்லாம் அப்பால. மொதல்ல எங்க கூரை காஞ்சிகினு கீதா இல்லியா, அத்த சொல்லு."

"காயுது."

"எத்தினி நேரமா?"

"நாலு மணி நேரமா."

கொத்தனார்களில் ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அண்ணனத் தூக்காம இங்கேர்ந்து நவுர மாட்டோம்க்கா."

"தூக்குறது நாலு மணிக்கு. நீங்கதான் தூக்கணும், வேற யாரும் கை வைக்க மாட்டாங்க. மூணரைக்குத் திரும்பி வந்தாப் போதும்." அவள் குரல் தினமும் போனில் பேசுகிற அதே குரலாக இருந்தது. "அவரு இப்பக் கண்ணத் தொறந்தா, என்னையா கேப்பாரு? சுப்பராயன் இங்க என்ன செய்யுதாருன்னுதான் மொதல்ல கேப்பாரு."

பந்தலில் யாருக்கோ சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவரே உடனே வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார். அப்படித்தான் கேட்பார் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

சுப்பராயன் முதலில் எழுந்தார். சித்தாள் பெண்கள் சேலையை இழுத்துச் செருகினார்கள். லோகநாதன் ஐஸ் பெட்டியை ஒரு தரம் எட்டிப் பார்த்து, "இதோ வந்துர்றோம்ணே" என்றார்.

"தே, நீங்களும் எழுந்திரிங்கடி," என்று சிலுவையம்மாள் தன் பெண்களை விரட்டினாள். "கூரை நம்புளுது. மோட்டார் மக்கர் பண்ணா கொடத்துல மொண்டு ஊத்துங்க. இங்க அழுவுறதுக்கு நான் ஒருத்தி போதும். உங்க நாலு பேரு பங்கையும் சேத்து நானே அழுவுறேன்."

சொன்னபடியே செய்தாள்.

ஷேர் ஆட்டோக்கள் போனபின் பந்தல் வெறிச்சென்று ஆனது. உறவுக்காரர்கள் ஒருவர் காதை ஒருவர் தேடினார்கள். பன்னிரண்டரைக்கு வந்த போதகர் காலி நாற்காலிகளைப் பார்த்துத் தயங்கினார். "வேலையாட்கள் யாரும் வரலையாம்மா?"

"வந்துட்டு வேலைக்குப் போயிருக்காங்க ஐயா," என்றாள் சுகிர்தம்.

மூன்று இருபதுக்குத் திரும்பி வந்தார்கள். முழங்கால் வரைக்கும் சிமெண்டு, லுங்கி ஓரமெல்லாம் ஈரம். கூடத்து மொசைக்கில் சொட்டியது. நாத்தனார் முகம் சுளித்தாள். சுகிர்தம் தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டு வழி விட்டாள்.

"பத்தொம்போது பாத்தி. அல்லாத்தையும் ரொப்பியாச்சி," என்றார் லோகநாதன். பிறகு குனிந்தார். "ஒரு விஷயம் கீதுக்கா. அப்பால சொல்றேன்."

"இப்பச் சொல்லுங்க."

"தெக்கால ஓரத்துல ஒரு கீறல் வுட்டுக்கீது. வெயிலு இழுத்துருச்சி. தலமுடி கனந்தான்."

அவள் தலையசைத்தாள். பிறகு அவர்கள் சவப்பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள்.

காசிமேட்டுக் கல்லறையில் எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. சுகிர்தம் வீட்டுக்குப் போகிற வண்டியில் ஏறவில்லை. லோகநாதனோடு ஆட்டோ பிடித்து, துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகளின் ஓரமாகவே திருவொற்றியூருக்குப் போனாள். வெள்ளைச் சேலையை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மூங்கில் ஏணியில் ஏறினாள்.

பத்தொன்பது பாத்தியிலும் தண்ணீர் அலுங்காமல் நின்றது. தெற்கு ஓரத்தில் லோகநாதன் ஒரு பாத்தியை வடித்துக் காட்டினார். இரண்டு சாண் நீளம். நகம் நுழையவில்லை.

"நாளைக்கு சிமெண்டுப் பாலு ஊத்துனா சேந்துக்கும்க்கா."

"ஊத்துங்க. ஊத்திட்டு, முழுசாத் தண்ணி நிறுத்தி, கீழ கசியுதான்னும் பாருங்க."

வடகிழக்கு மூலைக்கு அவளாகவே நடந்தாள். வேதமுத்து வாழ்நாளில் எழுதியது இரண்டுதான். அவள் எழுதிய கடிதங்களுக்கு அடியில் கையெழுத்து. போட்டு முடித்த ஒவ்வொரு தளத்தின் வடகிழக்கு மூலையிலும், ஈரம் காய்வதற்கு முன் ஆணியால் தேதியும் நேரமும். இங்கேயும் இருந்தது. வரம்பு கட்டியவர்கள் எழுத்தின் மேல் கரண்டி படாமல் சுற்றிக் கட்டியிருந்தார்கள். கடல் காற்றில் தண்ணீர் சுருங்கியது. எழுத்து கலைந்தது. காற்று நின்றதும் திரும்பத் தெளிந்தது: 14.5. மாலை 6.10.

லோகநாதன் ஏணிப் பக்கம் போய், கடலைப் பார்த்து நின்றுகொண்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு சுகிர்தம் மேஜையில் உட்கார்ந்தாள். சாயர்புரம் பள்ளிக்கூடத்தில் பழகிய முறையில் இடப்பக்கம் இரண்டு விரல் இடம் விட்டு எழுதினாள்.

*பெறுநர்: தலைவி அவர்கள், மீனவ மகளிர் சங்கம், திருவொற்றியூர்க் குப்பம்.*

*பொருள்: கட்டட வேலையைத் தொடர்ந்து செய்வது குறித்து.*

*பார்வை: 1. நமது ஒப்பந்தம். 2. தளத்தின் வடகிழக்கு மூலையில் என் கணவர் எழுதிய தேதி.*

*அம்மா, பார்வை இரண்டில் கண்ட நாளில் போட்ட தளம், மறுநாள் காலை ஏழு மணி முதல் நண்பகல் வரை தண்ணீர் இன்றிக் காய்ந்தது. தெற்கு ஓரத்தில் இரண்டு சாண் நீளத்துக்கு மெல்லிய கீறல் உள்ளது. அதை எங்கள் பொறுப்பில் சரிசெய்து, தண்ணீர் நிறுத்திச் சோதித்து, தங்கள் முன்னிலையில் காட்டுவோம். இருபத்தோரு நாள் முடியும் முன், தளத்தைத் தாங்கும் முட்டுகள் பிரிக்கப்படக் கூடாது. மீதி வேலையை நானே நடத்துவேன்.*

டென்னிஸ் காப்பி டம்ளரோடு பின்னால் நின்று படித்தார். "கீறலை எதுக்கு மதினி எழுதணும்? அவங்க ஏறியா பாக்கப் போறாங்க? இதப் படிச்சா வேலைய வேற ஆளுகிட்டக் குடுத்துருவாங்க."

"குடுத்தா குடுக்கட்டும் தம்பி. வாறவருக்கும் கீறல் எங்க இருக்குன்னு தெரியணும்லா. முட்டு இருபத்தோரு நாள் நிக்கணும்னும் எழுத்துல இருக்கும்."

"நேத்து விட்டுத் தள்ளுங்கன்னு சொன்னேன். இப்ப நீங்களே கழுத்த நீட்டுதீங்க."

"விடணும்னா எழுதவே வேண்டாமே."

டென்னிஸ் காப்பியை ஆற்றினார். பிறகு, "கமிட்டிக்கு நானும் கூட வாறேன்" என்றார்.

கடிதத்தின் கீழே, வேதமுத்து தேடாமல் கையெழுத்துப் போடுவதற்காக வழக்கமாக வைக்கிற பென்சில் பெருக்கல் குறியை அவள் கை தானாகவே வைத்திருந்தது. அதன் மேலேயே *வே. சுகிர்தம்* என்று எழுதினாள்.

பசைப் புட்டி காய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டிலிருந்து இரவு வந்த சோற்றில் நாலு பருக்கை எடுத்து, உறையின் மடிப்பில் நசுக்கித் தேய்த்து, முஷ்டியால் அழுத்தினாள்.

வாசலில் சைக்கிளோடு சுப்பராயன் நின்றிருந்தார். காக்கிச் சட்டை திறந்து கிடந்தது.

"தபால்ல போடணுமாம்மா?"

"இல்ல. சிலுவையம்மாள் கையில குடுத்துட்டு, அப்படியே மேல ஏறித் தண்ணி பாருங்க. எட்டு மணிக்குள்ள."

அவர் கடிதத்தைப் பனியனுக்கும் சட்டைக்கும் நடுவில் வைத்து, மேலிருந்து பொத்தான் போடத் தொடங்கினார். முதலாவது. இரண்டாவது. மூன்றாவது. சுகிர்தம் நிலைவாசலைப் பிடித்துக்கொண்டு, அவர் கடைசிப் பொத்தானையும் போட்டுச் சைக்கிளில் ஏறும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.