கையைக் கட்டி நின்றவர்

ஆட்டம் என்றாலே லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வரும். அதுவும் பால்பல் விழாத பிள்ளைகளுக்கு வகுப்பு வைத்து ஆடச் சொல்லித்தருகிறார்களாம்! நாளைக்குக் கொட்டாவி விடவும் வகுப்பு வைப்பார்கள், அதற்கும் ஒரு கூட்டம் வரிசையில் நிற்கும்.

சனிக்கிழமைதோறும் மாலையில் மனைவிக்கு மருந்துக்கடை வேலை. மகளைக் கூட்டிவரும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. நடனப் பள்ளியில் கூடத்துக்கும் காத்திருக்கும் அறைக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. உள்ளே பிள்ளைகள், வெளியே அம்மாக்கள்.

அந்த அம்மாக்களைத்தான் அவரால் சகிக்கவே முடியவில்லை. ஒருத்தி கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஒருத்தி கைப்பை தோளில் தொங்கத் தொங்க இடுப்பை வளைக்கிறாள். வங்கி கவுண்டரில் எல்லோர் மேலும் எரிந்து விழும் அந்தம்மா இங்கே தவளையாகத் தாவுகிறாள். வெட்கம் மானம் ஒன்றும் கிடையாது. பெற்றதுகளுக்கே கிறுக்குப் பிடித்திருந்தால் பிள்ளைகள் எங்கே உருப்படும்?

"கருமம்" என்று முணுமுணுத்தபடி கையைக் கட்டி, உதட்டைக் கோணி, வழக்கம்போல் நடுவிலேயே நின்றார்.

மகளைப் பார்த்தால் வயிறு எரிந்தது. வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். வாஷிங் மெஷின் துணி பிழியத் தொடங்கி வீடே அதிரும்போது, அதன் முன்னால் தலைமயிர் பறக்க ஆடுவாள். அந்த ஆட்டத்தை மட்டும் அவர் திருட்டுத்தனமாகக் கதவோரம் நின்று ரசிப்பார். இந்த வகுப்பில் சேர்ந்த பிறகு அவளும் மரம் மாதிரி நிற்கிறாள். நேற்று வீட்டில் மெஷின் அதிர்ந்தபோதும் அப்படியேதான் நின்றாள். பிள்ளையைக் கெடுத்துவிட்டார்கள். இன்றைக்கே வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டு, டீச்சரை நாலு கேள்வி நறுக்கென்று கேட்பது என்று முடிவு செய்திருந்தார்.

டீச்சர் வாசலுக்கு வந்ததும் ஆரம்பித்தார். "மேடம், இதான் நீங்க ஆட்டம் சொல்லித்தர லட்சணமா? ஆடிட்டிருந்த புள்ளையும் நின்னுபோச்சு!"

டீச்சர் விழித்தாள். "என்ன சார் சொல்றீங்க? உங்க பொண்ணுதான் இங்க முதல். ஒரு தடவகூடத் தப்பே பண்ணல."

"அசையாம நிக்கறதுல என்ன தப்பு பண்ண முடியும்?"

"நிழல் விளையாட்டு சார். பிள்ளைங்களுக்குக் கூச்சம் போகணும்னு வெச்சிருக்கோம். வெளிய நீங்க பண்றத உள்ள உங்க புள்ள அப்படியே பண்ணணும். முதல் நாளே எல்லார்கிட்டயும் சொன்னேனே!"

முதல் நாள் டீச்சர் வாயைத் திறந்ததுமே, "ஆரம்பிச்சுட்டாங்கய்யா பிரசங்கத்த" என்று, கட்டடத்து லிஃப்ட் ஏன் முனகுகிறது எனப் பார்க்க இவர் போய்விட்டிருந்தார்.

"அப்ப நான் இப்படி நிக்கறத..."

"வேணும்னே நிக்கிறீங்கன்னு நெனச்சேன். கேக்கலாம்னுதான் பார்த்தேன். உங்க மூஞ்சியப் பார்த்தா பயமா இருந்துச்சு சார்."

அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். வாலு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால்களை அகட்டி, கையைக் கட்டி, உதட்டை அவரைப் போலவே இடப்பக்கம் கோணி. அந்தப் பிஞ்சு முகத்தில் அவ்வளவு இளக்காரம். தன் முகம் இத்தனை அசிங்கம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

கட்டிய கையை மெல்லப் பிரித்தார். அவள் கையும் பிரிந்தது.

வங்கி அம்மா தாவுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தாள். பார்க்கட்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு மெஷினை நினைத்தார். முதலில் தோள் நடுங்கியது, பிறகு வயிறு, பிறகு கழுத்திலிருந்து கால்வரை எல்லாம் கடகடவென்று அதிர்ந்தது. இடுப்பிலிருந்த ஸ்பேனர் தரையில் விழுந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

கண்ணைத் திறந்தார். உள்ளே வாலு தலைமயிர் பறக்க ஆடிக்கொண்டிருந்தாள், வீட்டில் ஆடுவது போலவே.

"கருமம்" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாய் நிறைய அதையே சொன்னாள்.